கோடையில் இத்தாலிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

ஜூலையில் ஐந்து நண்பர்களாகச் சேர்ந்து இத்தாலிக்குப் போகப்போவதாகச் சொன்னீர்கள். ஐவரில் யாரும் இதற்குமுன் அந்த நாட்டில் கால்வைத்ததில்லை என்றும் சொன்னீர்கள். அங்கே வேலைபார்த்த வருஷங்களில் கோடைதோறும் நண்பர்களோடு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். அதில் எனக்குத் தேறியதை எழுதித் தருகிறேன். மற்றவற்றை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், முதல் மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. பத்து நாளுக்கு மூன்று ஊர். அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் மிலான், கோமோ, வெரோனா, வெனிஸ், ஃப்ளோரன்ஸ், பீசா, சியெனா, ரோம், பொம்பேய், கேப்ரி என்று பத்துப் பெயர்கள் இருக்கின்றன. ரயில்களின் வேகத்தைப் பார்த்து வந்த ஆசை இது. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஊர் மாறுகிற நாளில் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் ஆகக் குறைவு. அறையைக் காலிசெய்ய வேண்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போய்ச்சேர்ந்த ஊரில் பிற்பகலில்தான் அறை கொடுப்பார்கள். ஐந்து பேர் முறைவைத்துக் குளித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உங்கள் பட்டியல்படி போனால் விடுமுறையில் பாதி பெட்டியோடு கழிந்துபோகும்.

ரோமில் நான்கு இரவு, பொலோன்யாவில் நான்கு, வெனிஸில் இரண்டு: இதுதான் என் யோசனை. ரோமில் விமானம் இறங்கி வெனிஸிலிருந்து ஏறுங்கள். வந்த வழியே திரும்பிப் போகும் அலைச்சல் மிச்சம்.

பொலோன்யா உங்கள் பட்டியலிலேயே இல்லை. முதல் தடவை போகிற யார் பட்டியலிலும் இருப்பதில்லை. வடக்கு தெற்கு ரயில் பாதைகள் எல்லாம் கூடுகிற ஊர் அது. அங்கிருந்து ஃப்ளோரன்ஸுக்கு விரைவு ரயிலில் நாற்பது நிமிஷம்கூட ஆகாது. ஃபெர்ரராவுக்கு அரை மணி, ரவென்னாவுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். காலையில் கைப்பையோடு போய் இரவு அதே அறைக்குத் திரும்பிவிடலாம். ஊருக்குள்ளும் அதன் அருமை கோடையில்தான் தெரியும். வீடுகளின் முன்புறமெல்லாம் தூண் வைத்து வளைவு கட்டிய நடைகூடங்கள். மொத்தம் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ அவற்றைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உச்சிவெயிலிலும் தலையில் வெயில்படாமல் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கலாம். குன்றின்மேலுள்ள சான் லூக்கா கோவிலுக்கு ஏறும் பாதைகூட 666 வளைவுகள் கொண்ட கூரையிட்ட பாதைதான். மாலையில் ஏறுங்கள்.

2. ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களில் ஒருவருக்கு ஜூலையில் விடுப்புக் கிடைப்பது சந்தேகம் என்று கேள்விப்பட்டேன். ஜூனுக்கு முன்னால் நகர்த்த முடியுமா பாருங்கள், பின்னால் நகர்த்தாதீர்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெருவிடுமுறை. பேரரசர் அகஸ்டஸ் ஏற்படுத்திய ஓய்வுநாட்களின் தொடர்ச்சி. அந்த நாளை ஒட்டி நகரத்துக் குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடும். பேட்டைக்குள் இருக்கிற நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பல, கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் மூடியிருக்கும். மிஞ்சுவது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகள். இத்தாலியர்கள் இல்லாத இத்தாலியைப் பார்ப்பதற்கா இவ்வளவு செலவு?

3. நாளை வெயில் பிரிக்கட்டும், அதற்குக் கட்டுப்படுங்கள்.

“சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்” என்று சொல்வீர்கள். சென்னையில் மே மாதம் பகல் இரண்டு மணிக்கு நீங்கள் பத்துக் கிலோமீட்டர் நடப்பதில்லையே! ரோமிலும் ஃப்ளோரன்ஸிலும் ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். கல் பாவிய தெரு, கல் சுவர், மரமில்லாத சதுக்கம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தக் கல் இரவு வரைக்கும் விடாது. அறை பிடிக்கும்போது ஏசி உண்டா என்று தனியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய கட்டடங்களில் இல்லாமலே இருக்கும்.

காலை ஆறரைக்குத் தெருவில் இருங்கள். ட்ரெவி நீரூற்றின் முன்னால் பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஆறரைக்கோ பெருக்குகிறவர்களும் நீங்களும்தான் இருப்பீர்கள். அங்கிருந்து பாந்தியன் வரை நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு, சீட்டு வாங்கிய இடம் எதுவோ அதற்குத் திறக்கிற நேரத்தில் போய் நில்லுங்கள். பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் முடித்துச் சாப்பிட உட்காருங்கள். பிறகு அறைக்குப் போய்த் தூங்குங்கள். தூங்கினால் ஒன்றும் தவறிப்போகாது. தேவாலயங்களில் பாதி பன்னிரண்டரை முதல் நான்கு வரை பூட்டியிருக்கும், கடைக்காரரும் வீட்டில்தான் இருப்பார்.

ஐந்து மணிக்கு மறுபடி வெளியே வாருங்கள். ஜூலைத் தொடக்கத்தில் ரோமில் சூரியன் மறைய எட்டே முக்காலாகும். ஏறக்குறைய நான்கு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ஊரே இறங்கி நடக்கும். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி, எங்கே போகிறோம் என்ற அவசரமே இல்லாமல் ஒரே தெருவில் மேலும் கீழும் உலவுவார்கள். நீங்களும் அப்படி உலவுங்கள். பொலோன்யாவின் பெரிய சதுக்கத்தில் கோடை இரவுகளில் திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள். முந்திப் போனால் நாற்காலி கிடைக்கும், இல்லாவிட்டால் தேவாலயப் படியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோமில் இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்கும். நகரத்தில் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. 1870-களில் வைக்கத் தொடங்கியவை. திருகு இல்லை, நீர் ஓடிக்கொண்டே இருக்கும், கோடையிலும் ஜில்லென்றிருக்கும். வளைந்த குழாயின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைக் கவனியுங்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால் அந்த ஓட்டை வழியாக நீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். குனிந்து வாய்வைத்துக் குடிக்க அதற்காகவே விட்ட ஓட்டை அது. ஆளுக்கொரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

4. ஒரு நாளுக்கு ஒரு சீட்டு.

முன்பதிவு இல்லாமல் நடக்காதவை சில உண்டு. ரோமில் போர்கேசே கலைக்கூடத்துக்குள் இரண்டு மணி நேர முறைப்படிதான் விடுவார்கள். கொலோசியத்தின் சீட்டில் நேரமும் பெயரும் அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். அதே சீட்டில் ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு. ஃப்ளோரன்ஸில் உஃபீட்சியும், டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியாவும் திங்கள் விடுமுறை. ஆகவே ஃப்ளோரன்ஸுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். மிலானில் டாவின்சியின் ‘கடைசி விருந்து’ ஓவியத்துக்குப் பதினைந்து நிமிஷம்தான், அதற்கும் சீட்டு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

ஃப்ளோரன்ஸ் கதீட்ரலின் குவிமாடத்தில் ஏற 463 படி, லிஃப்ட் கிடையாது. புரூனெலெஸ்கி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடு வைத்து, அடியில் மரச்சாரம் நிறுத்தித் தாங்காமலே கட்டிய குவிமாடம் அது, 1436-ல் முடிந்தது. நீங்கள் ஏறுவது அந்த இரண்டு கூடுகளுக்கு நடுவே. சுவர் உங்களோடு சேர்ந்து சாய்ந்துகொண்டே வரும், செங்கலை மீன்முள் வாக்கில் அடுக்கியிருப்பது தெரியும். இது ஒன்றுக்காகவே ஃப்ளோரன்ஸுக்குப் போகலாம் என்பேன். காலையின் முதல் நேரத்துக்குச் சீட்டு எடுங்கள். இடுக்கான இடத்தில் மூச்சு முட்டும் என்பவர் கீழே இருக்கட்டும், வற்புறுத்தாதீர்கள்.

5. சீட்டே இல்லாத இடங்களில்தான் உயர்ந்த ஓவியங்கள் பல இருக்கின்றன.

ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி என்றொரு தேவாலயம். இடப்பக்கத்துக் கடைசிச் சிறுகோவிலில் காரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள், புனித மத்தேயுவின் வாழ்க்கை. இடது சுவரில் இருப்பதன் எதிரில் நெடுநேரம் நில்லுங்கள். வரிவசூல் மேசையைச் சுற்றி ஐந்து பேர். வலப்பக்கம் இருட்டிலிருந்து இயேசு கை நீட்டுகிறார், அந்தக் கைக்கு மேலே சுவரில் சாய்வாக வெளிச்சம் விழுகிறது. மூவர் அவரைப் பார்க்கிறார்கள். மேசையின் கோடியில் ஓர் இளைஞன் தலை நிமிராமல் காசைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்த மாதிரி சிறுகோவில்களில் விளக்குக்குக் காசு போடும் பெட்டி இருக்கும். நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும். சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். மற்றவர் போட்ட வெளிச்சத்தில் நீங்கள் பார்த்தால், அடுத்த நாணயம் உங்களுடையதாக இருக்கட்டும்.

சாந்தா மரியா தெல் போப்போலோவில் அவர் வரைந்த இன்னும் இரண்டு ஓவியங்கள் எதிரெதிராக இருக்கின்றன. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது தேவாலய விதி. புனித பேதுரு பேராலயத்தில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஒரு மெல்லிய துப்பட்டா எல்லோர் பையிலும் இருக்கட்டும், ஆண்கள் பையிலும்.

6. ரயிலில் இரண்டு வகை.

அதிவேக ரயில்களை அரசின் ட்ரெனித்தாலியாவும் தனியாரின் இத்தாலோவும் ஓட்டுகின்றன. சீக்கிரம் வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் இரட்டிப்புக்கு மேல் ஆகலாம். உள்ளூர் ரயில்களுக்கு என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை, அவசரப்பட வேண்டாம். ஆனால் உள்ளூர் ரயிலின் காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். போனில் வாங்கிய சீட்டானால் ஏறும் முன் அதிலேயே செக்-இன் செய்யுங்கள். வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே தீரும். வெனிஸுக்குப் போகும்போது மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள். அது நிலப்பகுதி, நீங்கள் இறங்க வேண்டியது அடுத்து வரும் சாந்தா லூச்சியாவில்.

7. சைவப் பிள்ளைகள் இருவருக்கு.

பட்டினி கிடக்க வேண்டிய நாடு இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். அது ஆகாதென்றால் பாஸ்தாவின்மேல் தூவ வேண்டாமென்று முதலிலேயே சொல்லுங்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம், கேளுங்கள். தக்காளியும் பூண்டும் ஓரெகனோவும் மட்டும் போட்ட மரினாரா பீட்ஸாவில் சீஸே இல்லை. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாயும் சேர்ந்த ஸ்பகெட்டி நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

காபியை நின்றுகொண்டு குடியுங்கள். நின்றால் ஒன்றரை யூரோவுக்குள், அதே கடையில் உட்கார்ந்தால் சில ஊர்களில் மூன்று மடங்கு. உணவகத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ மேசைக்கட்டணம் பில்லில் சேரும். அது வழக்கம், சண்டை போடாதீர்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது.

8. பொதுப்பணத்தைப் புறப்படுமுன் பேசிவிடுங்கள்.

ஐந்து பேர் சம்பளமும் ஒன்றல்ல. அறைக்கு எவ்வளவு வரை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வரை என்பதைக் குறைவாகச் சம்பாதிப்பவர் முதலில் சொல்லட்டும், மற்றவர்கள் அதற்குள் அடங்குங்கள். ஊருக்கு ஒருவர் கையில் பொதுப்பை. ஆளுக்குச் சமமாகப் போட்டு, காபி, பேருந்து, மேசைக்கட்டணம் எல்லாம் அதிலிருந்து. விடுதிகள் நகரவரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்கும். அறை வாடகையை முன்பே கட்டியிருந்தாலும் இது உண்டு; அதையும் கணக்கில் வையுங்கள்.

9. பிரிந்து போகப் பழகுங்கள்.

நட்பு முறிவது பெரிய விஷயத்தில் இல்லை. நாலாவது நாள் பிற்பகல், பசியோடும் கால்வலியோடும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெருமுனையில் ஐந்து பேர் நிற்கும்போதுதான் முகம் கறுக்கும். ஒருத்திக்கு ஓவியம் வேண்டும், ஒருவனுக்குக் கடை, இன்னொருவனுக்கு நிழலில் சும்மா உட்கார வேண்டும். மூன்றுமே நியாயமான ஆசைகள். காலையில் ஒன்றாகப் போங்கள், மாலையில் அவரவர் விருப்பம், எட்டு மணிக்கு ஒரே மேசை. தனியே போனவர் பார்த்ததை இரவு மற்றவருக்குச் சொல்ல ஒன்று இருக்கும். பொலோன்யாவில் நான்கு நாளில் ஒன்றை முழுக்கப் பிரித்தே வையுங்கள். ஓவியத்தில் ஆசை உள்ளவர்கள் ரவென்னா போகட்டும். அங்கே கல்லா பிளாசிதியாவின் சின்னஞ்சிறு கல்லறைக் கட்டடத்துக்குள், கரு நீலக் கூரை முழுக்கப் பொன் நட்சத்திரம் பதித்த ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் இருக்கிறது. மற்றவர்கள் சந்தையில் பீச்சஸ் வாங்கித் தின்று, தூங்கி எழட்டும்.

10. வெனிஸில் இரவு தங்குங்கள்.

பகலில் மட்டும் வந்து போகிறவர்களால்தான் அந்த ஊர் திணறுகிறது. வரலாற்றுத் தீவில் குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைந்துவிட்டார்கள். 2024 முதல் நெரிசலான சில நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை, ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள், செய்துவிடுங்கள். மாலை ஆறுக்குமேல் கூட்டம் வடிந்து, காலை ஒன்பது வரை ஊர் அதன் மக்களுக்கு. அந்த நேரம் உங்களுக்கும் கிடைக்கும். சுவர்களில் ரியால்தோ, சான் மார்கோ என்று வழிகாட்டும் மஞ்சள் பலகைகளை விட்டு விலகி நடங்கள். படகுச் சவாரிக்கு ஒன்றாம் எண் நீர்ப்பேருந்தே போதும். பெருங்கால்வாய் முழுவதும் போகும். பாலமெல்லாம் படிக்கட்டு, ஆகவே சொந்தக் கையால் தூக்க முடிகிற பெட்டி மட்டும். பாலத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், புறாவுக்குத் தீனி போடாதீர்கள். இரண்டுக்கும் அபராதம் உண்டு.

11. நம்மோடு தொடர்புள்ள இடங்களைத் தேடிப் பாருங்கள்.

ரோமன் ஃபோரத்தில் மாக்சென்தியஸ் மண்டபத்துக்கு அடியில், பேரரசர் தொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகளின் எச்சம் இருக்கிறது. முசிறியில் கப்பலேறிய மிளகு குவிந்த ஊர் ரோம். அந்த இடத்தில் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து ஒரு நாள் நேப்பிள்ஸ் போக ஆசை இருந்தால், ஜூலை வெயிலில் நிழலில்லாத பொம்பேயை விட, அங்கே கிடைத்த பொருட்கள் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். செவ்வாய் விடுமுறை. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1938-ல் தோண்டியெடுத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு சாணைவிடக் கொஞ்சம்தான் உயரம். வடக்கே மாந்துவா மாவட்டத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கும் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்ற சிற்றூரில்தான் 1680-ல் வீரமாமுனிவர் பிறந்தார். தேம்பாவணி படித்தவர் உங்களில் இருந்தால், அந்தப் பிரிந்து போகிற நாளில் அவர் அங்கே போய்வரட்டும். சிசிலியின் பலெர்மோ இந்தத் தடவை வேண்டாம். அங்கே வேர்விட்ட ஈழத் தமிழர்கள் நகரத்தின் காவல்புனிதை ரோசாலியாவின் மலைக்கோவிலுக்கும் ஏறுகிறார்கள். அதற்கென்றே ஒரு தனிப் பயணம் போகலாம்.

12. சில்லறை விஷயங்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் ஊர் மூன்று பின் பிளக் அங்கே பொருந்தாது. கூட்டமான மெட்ரோவில் பையை முன்பக்கம் மாட்டுங்கள். கையில் கயிறு கட்ட வருபவரிடம் நிற்காதீர்கள். அவசர எண் 112. கடைக்குள் நுழைந்ததும் “புவோன் ஜோர்னோ” என்று வாய்திறந்து வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் பொருளைத் தொடுவதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். பழக்கடையில் அவர்களே எடுத்துத் தருவார்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

13. கடைசி நாளுக்கு எந்தச் சீட்டும் வாங்காதீர்கள்.

வெனிஸில் கடைசிக் காலையை, அவரவருக்குப் பிடித்துப்போன ஓர் இடத்துக்கு இரண்டாம் தடவை போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை விடுதியிலேயே வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வார்கள். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஐந்து பேரும் பியாட்சாலே ரோமாவில் கூடுங்கள். மார்கோ போலோ விமான நிலையத்துக்கு அங்கிருந்து பேருந்தில் அரை மணிக்குள்தான். சாதாரணப் படகுச் சீட்டு அந்தப் பேருந்துக்குச் செல்லாது, தனிச் சீட்டு எடுங்கள்.